முடியாது, டீச்சர்

எங்கள் எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதை யாரும் அழிப்பதில்லை. தமிழ் ஐயா வந்தாலும் அறிவியல் டீச்சர் வந்தாலும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். திங்கட்கிழமை காலையில் அதில் ஒரு புதிர் எழுதுவேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வரை அதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். யார் வந்து விடை சொன்னாலும், "அப்படியா? எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்பேன்.

போன ஆண்டு ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அந்த மூலையில் ஒரு சதுரம் வரைந்தேன். உள்ளே மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகள். கீழே ஒரே வரி: கையை எடுக்காமல், போன கோட்டிலேயே மறுபடி போகாமல் இதை வரைந்து காட்டவும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் படம் புதிதல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் ஒரு நாளாவது இதோடு மல்லுக்கட்டியிருப்போம். எங்கள் வகுப்பிலும் அதுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் முயன்றார்கள். புதன்கிழமை ஒருவன் தாளை மடித்து, மடிப்பின் மேல் பேனாவை நகர்த்தி, தாளை விரித்துக் காட்டினான். நல்ல தந்திரம்தான். ஆனால் மடிக்காமல் வரையச் சொன்னதும் அவனும் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒரு பெண் என்னிடம் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "இது முடியாது, டீச்சர்" என்றாள்.

"உன்னால முடியலையா?"

"இல்ல டீச்சர். யாராலயும் முடியாது."

அவள் சொன்ன காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் பல வருடம் காத்திருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கணக்கு வகுப்பில் "முடியாது" என்றால் பொதுவாக "எனக்குத் தெரியாது" என்றுதான் பொருள். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கிறது. விடை வரவில்லை என்றால் தப்பு நம்முடையது என்றே பிள்ளைகள் எட்டு வருடமாகப் பழகியிருக்கிறார்கள். அப்படிப் பழகிய ஒரு குழந்தை, தப்பு என்னிடம் இல்லை, கேள்வியின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நிமிர்ந்து சொல்வது லேசான காரியம் இல்லை.

எனக்கு அந்த இடத்தைக் காட்டியது தாத்தா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கோடை ராத்திரிகளில் மின்சாரம் போய்விட்டால் எல்லோரும் திண்ணைக்கு வந்துவிடுவோம். விசிறிக்கொண்டே தாத்தா கணக்குப் போடுவார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

"ஒரு சிட்டுக்குருவி பறந்து போய்க்கிட்டிருந்துச்சு. எதிர்க்க ஒரு புறாக் கூட்டம். 'நூறு பேருக்கும் வணக்கம்'னுச்சு குருவி. அதுக்கு ஒரு புறா சொல்லுச்சாம்: 'நாங்க நூறு பேர் இல்ல. நாங்களும், எங்களை மாதிரி இன்னொரு கூட்டமும், எங்கள்ல பாதியும், பாதியில பாதியும், உன்னையும் சேர்த்தாத்தான் நூறு.' அப்ப புறா எத்தனை, கண்ணு?"

அன்று ராத்திரி எனக்கு விடை வரவில்லை. மறுநாள் கேட்டேன், தாத்தா சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. "இருக்கட்டும், அது எங்க போயிடப் போவுது?" என்பார், அவ்வளவுதான். நான் மண்ணில் எழுதி எழுதிப் பார்த்தேன். 40 என்று வைத்தால் 40, 40, 20, 10, குருவி ஒன்று, மொத்தம் 111. அதிகம். 32 என்று வைத்தால் 89. குறைவு. நடுவில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்ததும் ஏற்பட்ட படபடப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. 36, 36, 18, 9, குருவி ஒன்று. நூறு! தோட்டத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

தாத்தா தலையை ஆட்டிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார். வைத்துப் பார்த்தேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, காய்ந்த புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் குவித்தார். "பாதிக்குப் பாதி வருதில்ல? அப்ப கூட்டத்தை நாலா வெச்சுக்க." நாலு கொட்டை ஒரு குவியல். இன்னொரு கூட்டம், இன்னொரு நாலு. பாதி, ரெண்டு. பாதியில் பாதி, ஒன்று. மொத்தம் பதினொன்று. "குருவியைத் தள்ளிட்டா 99. அதுல எத்தனை பதினொண்ணு?" ஒன்பது. "நாலு ஒம்போது?" முப்பத்தாறு.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மூன்று நாள் மண்ணில் எழுதியதை அவர் பதினொரு கொட்டையில் முடித்துவிட்டார். ஆனால் அந்தக் கொட்டைகளை முதல் நாளே காட்டியிருந்தால் எனக்கு அது ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். 111-ஐயும் 89-ஐயும் தடவிப் பார்த்தவளுக்குத்தான் பதினொன்றின் அருமை தெரியும். (111-இல் குருவியைக் கழித்தால் 110, பத்துப் பதினொன்று. 89-இல் கழித்தால் 88, எட்டுப் பதினொன்று. என் தப்பான ஊகங்களுக்குள்ளேயே விடை ஒளிந்திருந்தது என்பது பிற்பாடு நான் டீச்சர் ஆன பிறகுதான் கண்ணில் பட்டது.)

அதோடு அவர் விடவில்லை. "சரி, நூறுக்குப் பதிலா குருவி இருநூறுன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார். 199-ஐப் பதினொன்றால் வகுத்தேன். மீதி வந்தது. மறுபடி வகுத்தேன். மறுபடி மீதி ஒன்று.

"வரல தாத்தா."

"வராது. அப்படி ஒரு புறாக் கூட்டமே கிடையாது."

இல்லாத ஒரு கூட்டத்தை, வானத்தைப் பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிட முடிகிறது! எனக்குக் கணக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தாத்தா திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த தலைமுறை. கால், அரை, முக்கால் மட்டும் இல்லை, அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி வரை வாயில் புரளும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. பின்னத்தைக் குவியலாக மாற்றிப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கத்தில் வந்தது. இயற்கணிதத்தில் x என்று நாங்கள் எழுதுவதை அவர் நாலு புளியங்கொட்டை என்று வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

புறாக் கணக்கு நம்மிடம் மட்டும் இருப்பதல்ல என்று கல்லூரியில் தெரிந்துகொண்டேன். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னால் சார்லமேன் பேரரசரின் அவையில் ஆசிரியராக இருந்த அல்குயின் என்பவர் பெயரில் ஒரு லத்தீன் தொகுப்பு இருக்கிறது. இளைஞர்களின் புத்தியைக் கூர்தீட்டும் கணக்குகள் என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் ஒருவன் வழியில் சில மனிதர்களைப் பார்த்து இதே மாதிரி கூட்டிச் சொல்கிறான், தன்னையும் சேர்த்தால் நூறு என்கிறான். அங்கேயும் விடை 36. புறாவுக்குப் பதில் வழிப்போக்கர்கள். இந்தக் கணக்கு எந்த வழியாக யாரிடமிருந்து யாருக்குப் போனதோ, என் தாத்தாவின் திண்ணைக்கும் அந்த அவைக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதே தொகுப்பில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் மூன்றையும் ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் கணக்கும் இருக்கிறது. நமக்கு அது புலி, ஆடு, புல்லுக்கட்டு. ஓடத்தில் ஆளோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். வகுப்பில் தரையில் இரண்டு சுண்ணக்கோடு போட்டு, பிள்ளைகளையே புலியாகவும் ஆடாகவும் நிறுத்திவிடுவேன். முதலில் ஆட்டை அக்கரை சேர்ப்பது எல்லோருக்கும் சட்டென்று வந்துவிடும். அடுத்த நடையில்தான் மாட்டிக்கொள்வார்கள். கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது யாருக்கும் லேசில் தோன்றாது. முன்னேறியதை விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்த இடத்தில் வகுப்பு பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். கடைசியில் ஆடாக நிற்கும் பையனே, "நான் திரும்பி வரவா?" என்று கேட்டுவிடுவான். ஏழு நடையில் எல்லாம் அக்கரை.

ஒரு வருடம் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ரொம்பப் பசிச்சா புலி புல்லைத் தின்னாதா, டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கோ அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழியின் மேல்தான் இந்தப் புதிர் முழுக்க நிற்கிறது என்று எனக்கே அதுவரை தோன்றியதில்லை. "சரி, தின்னும்னு வெச்சுக்கோ. அப்ப என்ன ஆகும்?" ஐந்து நிமிடத்தில் அவர்களே சொல்லிவிட்டார்கள். முதல் நடையில் எதை ஏற்றினாலும் கரையில் நிற்கும் மற்ற இரண்டில் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். ஓடத்தை அவிழ்க்கவே முடியாது. தாத்தாவின் இருநூறு புறா மாதிரி இதுவும் ஒரு "முடியாது".

வேலையில் சேர்ந்த புதிதில் நான் இப்படி இல்லை. அப்போது இருந்த பள்ளியில் பாடத்தை முடிக்கும் அவசரம் எப்போதும் தலைமேல் இருந்தது. புதிர் சொல்வேன், இரண்டு நிமிடம் பார்ப்பேன், பிள்ளைகள் முழித்தால் நானே விடையைச் சொல்லிவிடுவேன். ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் பென்சிலைக் கீழே வைத்தான். முகம் வாடிவிட்டது. அருகில் போய்ப் பார்த்தேன். நோட்டில் பாதிக்கு மேல் சரியான வழியில் வந்திருந்தான். இன்னும் ஒரு நிமிடம் போதும் அவனுக்கு. அந்த நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். கரும்பலகை மூலையும் வெள்ளிக்கிழமை விதியும் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது எட்டாம் வகுப்பில் புதிர் என்றாலே பெற்றோருக்கு நினைவு வருவது தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு. அதில் மனத்திறன் தேர்வு 90 வினா, படிப்பறிவுத் தேர்வு 90 வினா. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அது பெரிய தொகை. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் தொடர்வதும் சில வீடுகளில் அதை வைத்துத்தான். அதனால் நானும் முழு மூச்சாகப் பயிற்சி கொடுக்கிறேன், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் எண் தொடர், வித்தியாசமானதைக் கண்டுபிடி, கடிகாரக் கண்ணாடி பிம்பம் என்று ஒரு வினாவுக்கு ஒரு நிமிடக் கணக்கில் ஓடும்போது வளர்வது ஒரு திறமை, ஒரு சதுரத்தோடு நான்கு நாள் உட்கார்ந்திருக்கும்போது வளர்வது வேறு. முன்னதற்குப் பயிற்சிப் புத்தகங்கள் கடையில் அடுக்கி வைத்திருக்கின்றன. பின்னதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

நேரம் ஒதுக்கினால் பாடமும் கெடுவதில்லை என்பதற்கு 6174 ஒன்றே போதும். நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர் த. ரா. கப்ரேக்கர். பெரிய பட்டங்கள் கிடையாது. எண்களோடு விளையாடுவதே வாழ்க்கை. அவர் கண்டுபிடித்த இந்த விஷயத்தை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் முதலில் அறிவித்தார். ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அதிலிருந்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியதைக் கழிக்க வேண்டும். வந்த எண்ணை மறுபடி அப்படியே செய்ய வேண்டும்.

1947-ஐ எடுத்தால், 9741-இல் 1479 போக 8262. 8622-இல் 2268 போக 6354. 6543-இல் 3456 போக 3087. 8730-இல் 0378 போக 8352. 8532-இல் 2358 போக 6174. அடுத்து 7641-இல் 1467 போக மறுபடி 6174. அதன் பிறகு நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழாவது கழித்தலுக்குள் இங்கே வந்துவிடும்.

இதைச் சொன்ன அன்று எங்கள் வகுப்பு பைத்தியம் பிடித்த மாதிரி கழித்தது. பிறந்த வருடம், அப்பாவின் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பேருந்துச் சீட்டில் இருந்த எண். கடன் வாங்கிக் கழித்தலை வெறுக்கும் பிள்ளைகள் ஒரே மதியத்தில் ஆளுக்கு முப்பது கழித்தல் போட்டார்கள். அப்போது ஒருத்தி கேட்டாள்: "நான் நடுவுல தப்பாக் கழிச்சிட்டேன் டீச்சர். ஆனாலும் 6174 தான் வந்துச்சு. எப்படி?" நல்ல கேள்வி. தப்பாக வந்ததும் ஒரு நான்கு இலக்க எண்தானே? அங்கிருந்தும் பாதை அதே இடத்துக்குத்தான் போகிறது. அப்படியானால் நடுவில் நடந்த தப்பை எப்படிப் பிடிப்பது? அதை மூலையில் எழுதி வைத்தேன். புதன்கிழமைக்குள் ஒரு குழு பிடித்துவிட்டது: வித்தியாசத்தின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 18 வருகிறது, எப்போதாவது 27. வேறெதுவும் வந்தால் கழித்தலில் தப்பு. 8262, 6354, 3087, 8352, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒன்பதால் வகுபடும் தன்மையைப் புத்தகத்தில் நான் நடத்துவதற்கு முன்னாலேயே அவர்கள் கையில் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு இலக்கத்துக்கு இது வேலை செய்யாது என்பதையும் அவர்களே கண்டார்கள். 81, 63, 27, 45, 09, மறுபடி 81 என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று இலக்கத்தில் 495-இல் போய் நிற்கும்.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள ராமானுஜன் நினைவில்லத்துக்குக் கூட்டிப் போகிறேன். திரும்பி வந்த வாரம் மூலையில் எழுதுவது எப்போதும் ஒரே புதிர்தான், அதுவும் ஒரு தெருவைப் பற்றியது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. அந்த வீட்டின் எண் என்ன, தெருவில் மொத்தம் எத்தனை வீடு?

1914 டிசம்பரில் லண்டனிலிருந்து வந்த ஸ்ட்ராண்ட் இதழில் டியூட்னி என்ற புதிர்க்காரர் இதைப் போட்டிருந்தார். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் என்பது நிபந்தனை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், ராமானுஜனின் அறைக்குப் போயிருக்கிறார். ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தாராம். மகலனோபிஸ் வைத்துப் பார்த்தே சில நிமிடங்களில் விடையைக் கண்டிருந்தார்: 288 வீடு, 204-ஆவது வீடு. புதிரை வாசித்துக் காட்டியதும் ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர்பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றை, சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் அந்த ஒரு விடை மட்டும் இல்லை, நிபந்தனை இல்லாவிட்டால் வரக்கூடிய அத்தனை விடைகளும் இருந்தன.

எங்கள் வகுப்பில் நான் நிபந்தனையே போடுவதில்லை. யாராவது ஒருவர் 8 வீட்டுத் தெருவில் 6-ஆவது வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை 15, அந்தப் பக்கம் ஏழும் எட்டும் 15. பொறுமைசாலி ஒருவர் 49 வீட்டில் 35-ஐப் பிடிப்பார். ஒரே ஒரு வீடு உள்ள தெருவும் சரிதான் என்று ஒருவர் வாதாடுவார், இரண்டு பக்கமும் சுழியம். ஆக 1, 6, 35, 204. வெள்ளிக்கிழமை அந்த நான்கு எண்களையும் வரிசையாக எழுதி, அடுத்தது என்ன என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆறால் பெருக்கி முந்தையதைக் கழி என்பது எல்லா வருடமும் வந்துவிடுவதில்லை. வந்த வருடம் 1,189 என்ற எண்ணைச் சுண்ணக்கட்டியில் எழுதிய பையனின் கையைப் பார்க்க வேண்டும், நடுங்கியது.

சரி, அந்தச் சதுரத்துக்கு வருகிறேன்.

"ஏன் முடியாதுங்கிற?" என்று கேட்டேன். அவள் கரும்பலகைக்குப் போய் ஒரு மூலையில் விரலை வைத்தாள். "இதுக்குள்ள ஒரு கோட்டுல போனா இன்னொரு கோட்டுல வெளிய வரணும், டீச்சர். போக ஒண்ணு, வர ஒண்ணு. சோடி சோடியாத் தீரும். இங்க மூணு கோடு இருக்கு. ரெண்டு தீர்ந்துடும், ஒண்ணு ஒத்தையா நிக்கும். ஒத்தையா நின்னா அங்க ஆரம்பிக்கணும், இல்லாட்டி அங்க முடிக்கணும். ஆரம்பம் ஒண்ணுதான், முடிவு ஒண்ணுதான். ஆனா நாலு மூலையும் ஒத்தையா நிக்குது."

அதுதான் கணித மேதை ஆய்லர் 1735-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் சொன்னது. கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் பிரேகல் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்று ஊரார் முயன்றுகொண்டிருந்தார்கள். ஆறு பிரித்த நிலப்பகுதிகள் நான்கு. ஒன்றில் ஐந்து பாலம் வந்து சேர்கிறது, மற்ற மூன்றில் மும்மூன்று. நான்கும் ஒற்றைப்படை, ஆகவே முடியாது என்றார் ஆய்லர். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும், கோட்டுருவியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் நடத்தும் துறைக்கு அந்த "முடியாது"தான் பிள்ளையார் சுழி. ஊர் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது, பெயர் கலினின்கிராட்.

அவளுக்கு ஆய்லரைப் பற்றி அன்று நான் சொல்லவில்லை. பதிலுக்கு, சதுரத்தின் தலையில் ஒரு கூரை வரைந்தேன். "இது?" சற்று நேரம் எண்ணினாள். மேல் மூலைகளில் இப்போது நான்கு நான்கு, உச்சியில் இரண்டு, கீழ் மூலைகளில் மட்டும் மூன்று மூன்று. "வரும். ஆனா கீழேருந்து ஆரம்பிச்சாத்தான் வரும்." ஒரே இழுப்பில் வரைந்து காட்டினாள். வெள்ளிக்கிழமை முழு வகுப்புக்கும் அவளே விளக்கினாள். அதற்குப் பிறகுதான் இருவருமாக அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம்.

இவ்வளவு சீக்கிரம் அவள் கண்டுபிடித்ததற்குக் காரணம் வீட்டு வாசலில் இருந்தது. அவள் அம்மா மார்கழி முழுக்கச் சிக்குக் கோலம் போடுகிறவர். புள்ளி வைத்து, இழையைப் புள்ளிகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோய்த் தொடங்கிய இடத்திலேயே முடிப்பார். இழை குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு கோடு சேரும், எங்குமே ஒற்றை கிடையாது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் எழுபதுகளிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதி ஆராய்ந்திருக்கிறார்கள். வாசலில் அரிசி மாவில் இருப்பது கணக்குத்தான் என்று அவர்கள் உலகத்துக்குச் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது.

அதை வைத்து அடுத்த வாரப் புதிர் போட்டேன். நேர்ப்புள்ளி 3-க்கு 3 வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இழை ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டு நேராகப் போகும்படி சிக்குக் கோலம் போட்டால் எத்தனை தனித்தனி இழை வரும்? 3-க்கு 4 வைத்தால்? பெண்கள் இதில் ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். 3-க்கு 3 என்றால் மூன்று இழை. 3-க்கு 4 என்றால் ஒரே இழை. 4-க்கு 6 போட்டுவிட்டு வந்து, "ரெண்டு இழை வருது டீச்சர்" என்றார்கள். நோட்டில் அட்டவணை போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் இறைவணக்கம் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போதே நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்: "மீப்பெரு பொதுக் காரணி!" ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள் படித்துவரும் சொல்தான். அதற்கு இப்படி ஒரு உருவம் இருக்கும் என்று அவர்களும் நினைத்ததில்லை, பாடம் நடத்திய நானும் நினைத்ததில்லை.

இந்த வாரம் மூலையில் எட்டுக்கு எட்டு கட்டம் வரைந்திருக்கிறேன். அதில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்தாகிவிட்டது. மிச்சம் 62. இரண்டு கட்டத்தை மூடும் அட்டைத் துண்டு 31 இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அத்தனை கட்டத்தையும் மூட வேண்டும்.

இன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து தரையில் அட்டைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் இரண்டு கட்டம் எட்ட எட்ட மிஞ்சி நிற்கிறது. மதியம் ஒரு பையன் வந்து, விளையாட்டு அறையில் இருக்கும் சதுரங்கப் பலகையைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.